சுண்டெலி ஸ்டெம் செல்: பிடித்து வைப்பதும் அவிழ்த்து விடுவதும்

சுண்டெலி இணைசேர்ந்து மூன்றரை நாள் ஆகும்போது அதன் கரு, உள்ளே நீர் கோத்த ஒரு சின்ன உருண்டை. அந்த உருண்டையின் உட்புறம் ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கும் கொஞ்சம் செல்களிலிருந்துதான் முழு எலியும் உருவாகிறது. எந்த உறுப்பாகவும் ஆகக்கூடிய அந்த நிலை கருவுக்குள் ஒன்றிரண்டு நாள்தான் நிற்கும். கரு கருப்பையில் பதிந்ததும் செல்கள் அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகின்றன. 1981-இல் கேம்பிரிட்ஜில் மார்ட்டின் எவன்ஸும் மேத்யூ காஃப்மனும், அதே ஆண்டு சான் ஃபிரான்சிஸ்கோவில் கெயில் மார்ட்டினும், அந்தச் செல்களை வெளியே எடுத்து டிஷ்ஷில் வளர்த்துக் காட்டினார்கள். அப்படி வளரும் செல்களைத்தான் இங்கே ஸ்டெம் செல் என்கிறேன். கருவுக்குள் கடந்துபோய்விடும் ஒரு நிலையை ஆண்டுக்கணக்கில் நிறுத்தி வைக்கலாம் என்று அன்றைக்குத் தெரிந்தது.

நான் பெங்களூரில் ஓர் ஆய்வகத்தின் செல் வளர்ப்பு அறையைப் பார்த்துக்கொள்கிறேன். சொந்த ஊர் விருதுநகர் பக்கம். புதிதாக வரும் மாணவர்களுக்கு ஹூடில் (கிருமி புகாமல் செல் வேலை செய்யும் காற்றுப்பெட்டி) கை வைக்கச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. தமிழ்ப் பிள்ளைகள் என்றால் முதல் வாரத்திலேயே "அக்கா, இது ஸ்டெம் செல்லாவே இருக்கணும்னா எதை ஊத்தணும்?" என்று கேட்டுவிடுவார்கள். எதை ஊற்றுவது என்று மட்டும் தெரிந்துகொண்டால் செல் வளரும், ஆனால் சோதனை நடக்காது. எது அந்தச் செல்லை ஸ்டெம் நிலையிலிருந்து வெளியே தள்ளுகிறது, அதை எங்கே தடுக்கிறோம் என்று புரிந்துகொண்டவர்தான் அடுத்து அதை நரம்புச் செல்லாகவோ வேறு எதுவாகவோ மாற்ற முடியும். அந்த வரிசையிலேயே இங்கே சொல்கிறேன்.

செல்லை வெளியே தள்ளுவது யார்?

அந்தச் செல்லேதான். ஸ்டெம் செல்லின் அடையாளத்தைக் காப்பாற்றும் புரதங்களில் ஆக்ட்4, சாக்ஸ்2 இரண்டும் முக்கியம். இந்த இரண்டும் சேர்ந்து முடுக்கிவிடும் மரபணுக்களில் எஃப்ஜிஎஃப்4 ஒன்று. செல் அந்த எஃப்ஜிஎஃப்4-ஐச் சுரந்து வெளியே விடுகிறது. அது திரும்ப அதே செல்லின் மேலும் பக்கத்துச் செல்லின் மேலும் ஒட்டி, உள்ளே மெக், எர்க் என்ற நொதிகளைத் தூண்டுகிறது. எர்க் தூண்டப்பட்டால் செல் கிளம்பத் தயாராகிவிடும். தன்னைத் தானாக வைத்திருக்கும் ஏற்பாடே தன்னை வெளியேற்றும் சிக்னலையும் தயாரிக்கிறது என்பதை முதன்முதலில் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இன்றைக்கும் இதைச் சொல்லிக்கொடுக்கும்போது குரல் கொஞ்சம் ஏறிவிடுகிறது. எஃப்ஜிஎஃப்4 மரபணுவை நீக்கிய செல்கள் வேறு வகையாக மாறத் திணறுகின்றன என்று 2007-இல் காட்டினார்கள்.

ஆகவே முதல் தடுப்பு மெக் நொதியில். பிடி0325901 என்ற மருந்து மூலக்கூறு அதைச் செய்கிறது.

இரண்டாவது தடுப்பு ஜிஎஸ்கே3 என்ற நொதியில். இந்த நொதியைத் தடுக்காமல் விட்டால் பீட்டா-கேட்டினின் என்ற புரதத்தை அழிக்க அனுப்பிக்கொண்டே இருக்கும். அதைத் தடுத்தால் பீட்டா-கேட்டினின் சேரும். சேர்ந்து, டிசிஎஃப்3 என்ற அடக்கும் புரதத்தின் பிடியைத் தளர்த்தும். டிசிஎஃப்3 இதுவரை அழுத்தி வைத்திருந்த, ஸ்டெம் நிலையைக் காக்கும் எஸ்ரபி போன்ற மரபணுக்கள் நன்றாக வேலை செய்யத் தொடங்கும். இதற்கான மூலக்கூறு சிஎச்ஐஆர்99021. எங்கள் அறையில் எல்லோரும் "சிர்" என்றுதான் சொல்கிறோம்.

மூன்றாவது லிஃப் என்ற புரதம். இது தடுப்பு வேலை செய்வதில்லை, நேராகவே தாங்கிப் பிடிக்கிறது. செல்லின் மேலுள்ள ஏற்பியில் ஒட்டி, ஸ்டாட்3 என்ற புரதம் வழியாகக் கேஎல்எஃப்4, டிஎஃப்சிபி2எல்1 போன்ற, அதே நிலையைக் காக்கும் மரபணுக்களை ஏற்றிவிடுகிறது. 1988-இலேயே லிஃப்பின் வேலை தெரிந்துவிட்டது. அதற்கு முன்னால் இந்தச் செல்களுக்கு அடியில் வேறு செல்களைப் பரப்பி, அவை சுரப்பதை நம்பித்தான் வளர்த்தார்கள். எலிகளிடம் ஓர் ஏற்பாடு உண்டு: தாய் இன்னும் குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தால், அடுத்த கரு பதியாமல் காத்திருக்கும். அப்படிக் காத்திருக்கும் நாட்களில் கருவின் உட்செல்கள் கலையாமல் இருக்க இந்த லிஃப் பாதைதான் தேவை என்று ஜெனிஃபர் நிக்கல்ஸும் கூட்டாளிகளும் 2001-இல் காட்டினார்கள். எவன்ஸும் காஃப்மனும் அப்படித் தாமதப்படுத்திய கருக்களிலிருந்துதான் தங்கள் செல்களை எடுத்தார்கள் என்பது இன்னொரு பொருத்தம்.

2008-இல் சிலாங் யிங், ஆஸ்டின் ஸ்மித் குழுவினர் இந்த இரு தடுப்பு மூலக்கூறுகளின் அணுகுமுறையை வெளியிட்டார்கள். இரண்டு இன்ஹிபிட்டர், அதாவது தடுப்பான், என்பதால் அதற்கு "டூ-ஐ" என்று பெயர் நிலைத்துவிட்டது. பிடி, சிர், லிஃப் மூன்றில் எந்த இரண்டு இருந்தாலும் செல் தாக்குப்பிடிக்கும். நாம் மூன்றையும் போடுவது பாதுகாப்புக்காக. மூன்றும் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மீடியம் (செல் வளரும் சத்துத் திரவம்) மாற்றாமல் போனாலும் செல் மன்னித்துவிடும்.

மீடியம் தயாரிப்பது

அடிப்படை மீடியம் என்2பி27. டிஎம்இஎம்/எஃப்12 ஒரு பங்கு, நியூரோபேசல் ஒரு பங்கு (இரண்டும் ஆயத்தமாகக் கிடைக்கும் திரவங்கள்) கலந்து, என்2, பி27 சேர்க்கைகளும் குளூட்டமினும் 0.1 மில்லிமோலார் அளவுக்கு மெர்காப்டோஎத்தனாலும் சேர்ப்பது. இதில் சீரம் (விலங்கு ரத்தத்தின் தெளிநீர்) கிடையாது. சீரத்தில் என்ன இருக்கிறது என்று யாராலும் முழுசாகச் சொல்ல முடியாது. ஒரு லாட்டில் செல் அழகாக வளரும், அடுத்த லாட்டில் பாதி தட்டையாகிவிடும். காரணம் தேடி வேலை செய்கிறவர்களுக்குச் சீரம் ஒத்துவராது என்பது என் உறுதியான கருத்து. செலவு கூடத்தான். ஆனால் ஒரு வருட முடிவுகளைச் சந்தேகப்படுவதைவிட அது மலிவு.

500 மில்லி மீடியத்துக்கு அளவு இப்படி. சிர் கடைசியில் 3 மைக்ரோமோலார் இருக்க வேண்டும். 10 மில்லிமோலார் ஸ்டாக்கிலிருந்து (செறிவாகக் கரைத்து வைத்த கரைசல்) 150 மைக்ரோலிட்டர். பிடி 1 மைக்ரோமோலார், அதே செறிவுள்ள ஸ்டாக்கிலிருந்து 50 மைக்ரோலிட்டர். லிஃப் ஒரு மில்லிக்கு 1000 யூனிட். மில்லிக்கு 10 லட்சம் யூனிட் உள்ள ஸ்டாக் என்றால் 500 மைக்ரோலிட்டர். சிர், பிடி இரண்டும் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்தவை, அதனால் மீடியத்தில் சேரும் டிஎம்எஸ்ஓ மொத்தம் 0.04 சதவீதம். அது செல்லைத் தொந்தரவு செய்யாது. ஆனால் தடுப்பு மூலக்கூறு இல்லாத மீடியத்தோடு ஒப்பிடப் போகிறீர்கள் என்றால், அந்த மீடியத்திலும் அதே அளவு டிஎம்எஸ்ஓ போடுங்கள்.

சிர் ஸ்டாக்கைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் 37 டிகிரியில் சற்று வைத்து, முழுசாகக் கரைந்தபின் எடுக்க வேண்டும். படிந்ததைக் கவனிக்காமல் மேலாக எடுத்தால் உங்கள் 3 மைக்ரோமோலார் வெறும் லேபிளில்தான் இருக்கும். ஸ்டாக்கைச் சிறு சிறு குப்பிகளாகப் பிரித்து உறைய வைத்தால், திரும்பத் திரும்ப உருக்கும் வேலை இருக்காது. கலந்த மீடியத்தை 4 டிகிரியில் வைத்து இரண்டு வாரத்துக்குள் முடிப்பது எங்கள் வழக்கம். பாட்டில் முழுவதையும் தினமும் சுடவைக்காதீர்கள், அன்றைக்கு வேண்டியதை மட்டும் ட்யூபில் எடுத்துச் சூடாக்குங்கள்.

இந்தியாவில் வேலை செய்கிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். லிஃப், பி27 எல்லாம் குளிரில் வரவேண்டிய பார்சல்கள். வெயில் காலத்தில் ஐஸ் உருகி வந்து சேர்ந்தால், பெட்டியைத் திறந்த அன்றே அந்த லாட்டைச் சோதித்துப் பாருங்கள். பழைய லாட்டில் ஒரு கிணறு (தட்டிலுள்ள குழி), புதிய லாட்டில் ஒரு கிணறு, மூன்று பாசேஜ் (ஒருமுறை பிரித்துப் புதுத் தட்டில் போடுவது ஒரு பாசேஜ்) பக்கத்துப் பக்கத்தில் வளர்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். லிஃப்பைச் சோதிக்கிறீர்கள் என்றால் பிடி, சிர் இரண்டில் ஒன்றை விட்டுவிட்டுச் செய்யுங்கள். இரண்டும் இருந்தால் கெட்டுப்போன லிஃப்பையும் அவை மறைத்துவிடும்.

வளர்ப்பது, பிரிப்பது

டிஷ்ஷின் அடியில் 0.1 சதவீத ஜெலட்டின் ஊற்றி, 37 டிகிரியில் கால் மணி நேரமாவது வைத்து, பிறகு உறிஞ்சி எடுத்துவிட்டுச் செல் போடுங்கள். சீரம் இல்லாத மீடியத்தில் சில லைன்கள் (ஒரே மூலத்திலிருந்து வந்த செல் பரம்பரைகள்) ஜெலட்டினில் சரியாக ஒட்டாது. அவற்றுக்கு லேமினின் என்ற ஒட்டும் புரதத்தைப் பூசலாம்.

செல் நன்றாக இருக்கிறதா என்பதை முதலில் சொல்வது கண்தான். டூ-ஐ மீடியத்தில் ஆரோக்கியமான கலனி (சேர்ந்து வளரும் செல் கூட்டம்) மேலே உப்பிய குழிப்பணியாரம் மாதிரி இருக்கும்: ஓரம் வழவழப்பாக, சுற்றிலும் ஒளிவட்டம் போலப் பளபளக்கும், உள்ளே ஒரு செல்லை இன்னொன்றிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. ஓரத்தில் ஒரு செல் கால் நீட்டித் தட்டையாகப் படர்ந்தால் அது கவனிக்க வேண்டிய செல். கலனியின் நடுப்பகுதி கறுக்கத் தொடங்கினால் பிரிக்கும் நாள் தாண்டிவிட்டது. இந்தச் செல்கள் ஏறக்குறைய 12 மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டாகும் என்பதால் இரண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை பிரித்தே ஆக வேண்டும். வெள்ளிக்கிழமை பிரிக்காமல் ஊருக்குப் பஸ் ஏறினால் திங்கட்கிழமை உருண்டைகளாகக் கழன்று மிதப்பதைத்தான் பார்ப்பீர்கள்.

பிரிக்கும்போது பழைய மீடியத்தை எடுத்துவிட்டு மெதுவாக ஒருமுறை கழுவுங்கள். டூ-ஐ கலனிகள் அடியில் அவ்வளவு உறுதியாக ஒட்டியிருக்காது, பிப்பெட் நுனியைச் சுவரோரம் வைத்து ஊற்ற வேண்டும். செல்களைப் பிரிக்கும் நொதிக் கரைசலான அக்யூடேஸ் ஊற்றி 37 டிகிரியில் இரண்டு, மூன்று நிமிடம். பிறகு மீடியம் சேர்த்து, மேலும் கீழும் இழுத்து, தனித்தனிச் செல்லாக உடைந்ததா என்று மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். இங்கே அவசரம் வேண்டாம். நாலைந்து செல் கட்டியாக ஒட்டிக்கொண்டே போனால் கலனிகள் ஒரே அளவில் வராது, பின்னால் வேறுபடச் செய்யும் நாளில் ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். சென்ட்ரிஃபியூஜில் 300 ஜி விசையில் 3 நிமிடம் சுற்றி, பழைய நொதியோடு உள்ள திரவத்தை எடுத்துவிட்டுப் புது மீடியத்தில் கலக்குங்கள். சீரம் இல்லை என்பதால் நொதியை அணைக்க வேறு எதுவும் இல்லை, சுற்றி எடுப்பதுதான் வழி.

அப்புறம் எண்ணுங்கள். "ஒன்றுக்குப் பத்து பிரித்தேன்" என்று நோட்டில் எழுதுவதை நான் ஏற்பதில்லை. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 15,000 செல் என்பது நல்ல தொடக்கம். ஆறு கிணறு கொண்ட தட்டில் ஒரு கிணற்றுக்கு ஏறக்குறைய 1.4 லட்சம். எண்ணிப் போட்டவருடைய செல்லும், கண்ணால் மதிப்பிட்டுப் போட்டவருடைய செல்லும் பார்க்க ஒன்றாகவே இருக்கும். அவிழ்த்து விடும் நாளில்தான் வித்தியாசம் வெளியே வரும்.

முதலிலேயே நிறையக் குப்பிகள் உறைய வையுங்கள். 10 சதவீத டிஎம்எஸ்ஓவில், திரவ நைட்ரஜனில். இதை வெறும் பழக்கமாகச் சொல்லவில்லை, இரண்டு காரணம் உண்டு. வளர்ப்பு நீள நீளக் குரோமோசோம் பிசகு நுழையும். சுண்டெலிக்கு 40 குரோமோசோம். எட்டாவது குரோமோசோம் ஒன்று கூடிய செல் மற்றதைவிட வேகமாகப் பெருகும், சில பாசேஜில் டிஷ் முழுக்க அதுவாகிவிடும். "இந்த லைன் இப்போ நல்லா வளருது அக்கா" என்று யாராவது மகிழ்ச்சியாகச் சொன்னால் நான் உடனே குரோமோசோம் எண்ணச் சொல்வேன். இரண்டாவது காரணம் பிடி மூலக்கூறே. மெக் தடுப்பு நெடுநாள் தொடர்ந்தால் டிஎன்ஏவின் மேலுள்ள மெத்தில் குறிகள் மிகவும் குறைந்துவிடுகின்றன. தாய் வழியா தந்தை வழியா என்று சொல்லும் முத்திரைகள்கூட அழிகின்றன. டூ-ஐ நீக்கினால் பெரும்பாலான குறிகள் திரும்ப வரும், ஆனால் இந்த முத்திரைகள் திரும்புவதில்லை. அப்படிப்பட்ட செல்களின் கரு வளர்ச்சித் திறன் குறைவதை 2017-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக வெளியிட்டன. அதனால் குறைந்த பாசேஜ் குப்பியை எடுத்து, சோதனையை முடித்து, அடுத்ததற்கு மறுபடி புதுக் குப்பி. மைகோபிளாஸ்மா (செல் வளர்ப்பில் கண்ணுக்குத் தெரியாமல் தொற்றும் பாக்டீரியா) சோதனையை மாதத்துக்கு ஒருமுறை. இதில் விவாதமே வேண்டாம்.

அடையாளத்தை எப்படிச் சோதிப்பது?

பலரும் ஆக்ட்4-க்குச் சாயம் போட்டு, பச்சையாகத் தெரிந்தால் "ஸ்டெம் செல்தான்" என்று எழுதிவிடுகிறார்கள். அது போதாது. செல் இந்த ஆரம்ப நிலையை விட்டு வெளியேறிய பிறகும் ஆக்ட்4 நன்றாகவே இருக்கும். கருப்பையில் பதிந்த பிறகான கருவிலும் ஆக்ட்4 உண்டு. இறங்குவது ஸ்டெம் நிலைக்கு உரிய நானாக், எஸ்ரபி, கேஎல்எஃப்4, டிஎஃப்சிபி2எல்1, ரெக்ஸ்1 ஆகியவை. ஏறுவது அடுத்த கட்டத்துக்கு உரிய ஓடிஎக்ஸ்2, எஃப்ஜிஎஃப்5, ஆக்ட்6, டிஎன்எம்டி3பி. இந்த இரண்டு கூட்டத்தையும் ஒரே மாதிரியில் அளந்தால்தான் செல் எங்கே நிற்கிறது என்று தெரியும்.

ஆக்ட்4-இன் அளவும் கவனிக்க வேண்டியது. ஹிதோஷி நிவா 2000-ஆம் ஆண்டில் செய்த வேலை இதற்கு இன்றும் அடிப்படை. ஆக்ட்4-ஐ அணைத்தால் செல் நஞ்சுக்கொடி பக்கம் போகும். இரண்டு மடங்குகூட வேண்டாம், அதற்குக் குறைவாக ஏற்றினாலே எண்டோடெர்ம், மீசோடெர்ம் (கருவின் ஆரம்ப அடுக்குகள்) பக்கம் போகும். சரியான நடு அளவில்தான் அது ஸ்டெம் செல். ஆகவே "ஆக்ட்4 இருக்கிறது" என்பது ஒரு பதிலாகாது.

ஒற்றைச் செல்லைப் பார்த்து முடிவு சொல்வதும் ஆபத்து. சீரமும் லிஃப்பும் மட்டும் உள்ள மீடியத்தில் நானாக் சில செல்லில் அதிகமாகவும் சிலதில் இல்லாமலும் இருக்கும். இல்லாத செல்லைப் பிரித்து வளர்த்தால் அதிலிருந்து நானாக் உள்ள செல்கள் மறுபடி வரும். இதை எடின்பரோவில் இயன் சேம்பர்ஸ் குழு 2007-இல் காட்டியது. நானாக் இறங்கிய கணமே அடையாளம் போய்விட்டது என்று எழுத முடியாது. அது திரும்பி வர இயலாத இடத்தைத் தாண்டியதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கான சோதனையைக் கீழே சொல்கிறேன்.

அவிழ்த்து விடுவது

முதல் நாள் மாலை, டூ-ஐயில் நன்றாக வளர்ந்த செல்லை ஜெலட்டின் பூசிய தட்டில் சதுர சென்டிமீட்டருக்கு 10,000 முதல் 15,000 வரை போடுங்கள். மறுநாள் காலை, மீடியத்தை எடுத்துவிட்டு வெறும் என்2பி27-ஆல் இரண்டு முறை மென்மையாகக் கழுவி, பிடி, சிர், லிஃப் எதுவும் இல்லாத என்2பி27 ஊற்றுங்கள். இதுதான் பூஜ்ய மணி. நோட்டில் கடிகார நேரத்தை எழுதுங்கள், "காலை" என்று எழுதினால் போதாது. கழுவுவதில் சோம்பல் பட்டால் டிஷ்ஷில் தங்கிய பிடி மூலக்கூறு தொடக்கத்தைத் தள்ளிப்போடும். அப்போது உங்கள் 24 மணி நேரமும் பக்கத்து மேசையில் இருப்பவரின் 24 மணி நேரமும் ஒன்றாக இருக்காது.

செல்லுக்கு வெளியிலிருந்து நாம் எதையும் கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கதவைப் பிடித்திருந்த கையை எடுத்தோம், அவ்வளவுதான். எஃப்ஜிஎஃப்4 அதனிடமே இருக்கிறது.

முதல் 12 மணி நேரம் மைக்ராஸ்கோப்பில் பெரிதாக எதுவும் தெரியாது. உள்ளே மட்டும் ஏற்பாடு கலையத் தொடங்கியிருக்கும். ஒரு நாள் ஆகும்போது உப்பிய கலனிகள் தணிந்து, ஓரத்துச் செல்கள் படரத் தொடங்கும். இரண்டாம் நாள் முடிவில் பெரும்பாலானவை தட்டையாகிவிடும். எல்லாச் செல்லும் சேர்ந்து ஒரே நேரத்தில் கிளம்புவதில்லை. சில முந்தும், சில தயங்கும். இதைப் பார்க்க மிக நல்ல கருவி ரெக்ஸ்1 ரிப்போர்ட்டர் லைன். ரெக்ஸ்1 மரபணுவின் இடத்தில், ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் பாதி அழிந்துவிடும் வகைப் பச்சைப் புரதத்தைச் செருகியிருக்கிறார்கள். ரெக்ஸ்1 அணைந்ததும் சீக்கிரமே பச்சையும் மறையும். செல்களை ஒவ்வொன்றாக ஒளியில் அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் ஓட்டினால் எந்தச் செல் இன்னும் உள்ளே, எந்தச் செல் வெளியே என்று பிரித்தெடுத்துவிடலாம். இதில் இன்னொன்று: ரெக்ஸ்1 இல்லாவிட்டாலும் ஸ்டெம் செல் நன்றாகவே இருக்கும். அது காரணமில்லை, நிலையைக் காட்டும் விளக்கு மட்டும்தான். அடையாளத்தைக் காப்பாற்றும் புரதத்தையும் அடையாளத்தைக் காட்டும் புரதத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ரிப்போர்ட்டர் லைன் இல்லை என்றாலும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. நான் எல்லோரையும் முதலில் செய்யச் சொல்வது திரும்பிவரும் சோதனையைத்தான். 0, 12, 24, 36, 48 மணி நேரங்களில் ஒவ்வொரு கிணற்றிலிருந்தும் செல்லை எடுத்து, தனிச் செல்லாக உடைத்து, துல்லியமாக எண்ணி, ஆறு கிணறு தட்டில் கிணற்றுக்கு 1000 செல் என்று, மறுபடி டூ-ஐயும் லிஃப்பும் உள்ள மீடியத்தில் போடுங்கள். அவ்வளவு அரிதாகப் போடுவதால் ஒவ்வொரு கலனியும் ஒரே செல்லிலிருந்து வந்ததாக இருக்கும். ஐந்தாறு நாள் கழித்து அல்கலைன் பாஸ்ஃபடேஸ் (ஸ்டெம் செல்லில் அதிகமாக உள்ள நொதி) சாயம் போட்டு, நிறமேறிய உப்பிய கலனிகளை எண்ணுங்கள். பூஜ்ய மணிக் கிணற்றின் எண்ணிக்கையை 100 சதவீதமாக வைத்து மற்றதைக் கணக்கிடுங்கள். ரிப்போர்ட்டர் லைனில் செய்தால், ஒரு நாள் அளவில், பச்சை இன்னும் உள்ள செல்கள் திரும்பிவிடும், பச்சை இழந்தவை பெரும்பாலும் திரும்பாது. இரண்டு நாளில் எண்ணிக்கை மிகவும் தாழ்ந்துவிடும். மேற்கண்ட மரபணு அளவுகளை விட இந்தச் சோதனையின் பேச்சைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். செல்லிடமே "திரும்பி வருகிறாயா" என்று கேட்கிறோம், அதுவே பதில் சொல்கிறது.

வெளியே வந்தபின் எங்கே போவது?

என்2பி27-இலேயே விட்டுவைத்து, மீடியத்தை மட்டும் ஒன்றிரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றி வந்தால், பெரும்பாலானவை நரம்பு வழியில் போகும். யிங் குழுவினர் 2003-இல் காட்டிய முறை இது. மூன்றாம் நாளிலிருந்து நரம்பு வழியின் அடையாளமான சாக்ஸ்1 தெரிய ஆரம்பித்து, நாலைந்தாம் நாளில் உச்சத்துக்கு வரும். அதன்பின் லேமினின் பூசிய தட்டுக்கு மாற்றினால் நீண்ட கிளைகளோடு நியூரான்கள் வரும்.

விந்தணு, சினைமுட்டை ஆகியவற்றின் மூலச் செல்லை நோக்கிப் போக வேண்டுமானால் வழி வேறு. கியோட்டோவில் கட்சுஹிகோ ஹயாஷியும் மிடினோரி சைட்டோவும் 2011-இல் வெளியிட்டது: ஃபைப்ரோனெக்டின் பூசிய தட்டில், ஆக்டிவின்-ஏ மில்லிக்கு 20 நானோகிராம், எஃப்ஜிஎஃப்2 12 நானோகிராம், 1 சதவீதம் கேஎஸ்ஆர் (சீரத்துக்குப் பதிலான சேர்க்கை). இரண்டு நாள். அந்த இரண்டாம் நாள் செல்தான் அடுத்து பிஎம்பி4 என்ற சிக்னல் புரதத்துக்கு நன்றாகப் பதில் சொல்லி, அந்த மூலச் செல்லாக மாறும். டூ-ஐயிலிருந்து நேராக எடுத்த செல்லுக்கு பிஎம்பி4 கொடுத்தால் அந்தப் பதில் வராது.

இந்த இடைநிலையைத்தான் நான் எல்லோரிடமும் அடித்துச் சொல்வேன். ஆரம்ப நிலையிலிருந்து செல் நேராக எந்த உறுப்புச் செல்லாகவும் தாவுவதில்லை. முதலில் பழைய ஏற்பாட்டைக் கலைத்து, எந்த சிக்னலுக்கும் பதில் சொல்லக்கூடிய ஒரு நிலைக்கு வர வேண்டும். அதற்கு ஒன்றரை, இரண்டு நாள் ஆகும். இதற்கு அருமையான சாட்சி சிர்தான். டூ-ஐயில் செல்லைப் பிடித்து வைக்கும் அதே மூலக்கூறு, அதே 3 மைக்ரோமோலார், இரண்டு நாள் கழித்துக் கொடுத்தால் நேர்மாறாக மீசோடெர்ம் பக்கம் தள்ளுகிறது. கேம்பிரிட்ஜில் அல்ஃபோன்சோ மார்ட்டினெஸ் ஆரியஸ் குழு தொடங்கிவைத்த கேஸ்ட்ரலாய்டு (ஸ்டெம் செல்லிலிருந்து வளர்க்கும், ஆரம்பக் கருவைப் போன்ற உருண்டை) முறை முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது: ஒட்டாத கிணற்றில் சுமார் 300 செல், என்2பி27-இல் 48 மணி நேரம், அடுத்த 24 மணி நேரம் சிர், பிறகு மறுபடி வெறும் என்2பி27. 120 மணி நேரத்தில் அந்த உருண்டை ஒரு பக்கமாக நீண்டு, தலை-வால் திசையோடு நிற்கும். தாய் இல்லை, கருப்பை இல்லை, யாரும் திசை காட்டவில்லை. முதல்முறை அதைப் பார்ப்பவரின் பக்கத்தில் நிற்பது எனக்கு மிகவும் பிடிக்கும்.

இங்கே சொன்ன அளவுகளை மனிதச் செல்லுக்கு எடுத்துக்கொண்டு போகாதீர்கள். 1998-இல் ஜேம்ஸ் தாம்சன் விஸ்கான்சினில் எடுத்த மனித ஸ்டெம் செல்கள் கரு பதிந்தபின் உள்ள கட்டத்தை ஒத்தவை. சுண்டெலிச் செல்லை வெளியே தள்ளும் எஃப்ஜிஎஃப் சிக்னல்தான் அவற்றைத் தாங்குகிறது. மெக் தடுப்பு அவற்றைக் காப்பாற்றாது. தவிர, இந்தியாவில் மனிதக் கருச் செல் வேலைக்கு 2017 தேசிய வழிகாட்டுதலின்படி நிறுவனக் குழுவின் அனுமதியும் வேண்டும்.

மாறாமல் அடம்பிடித்தால்

48 மணி நேரம் ஆகியும் உப்பிய கலனிகளே நிற்கின்றன என்றால் முதலில் செல் எண்ணிக்கையைப் பாருங்கள். நெருக்கமாகப் போட்டால் செல்கள் சுரக்கும் லிஃப்பே ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும். அடுத்தது கழுவியது சரியா என்று. மூன்றாவது குரோமோசோம். மூன்றும் சரி என்றால் தொடக்கத்துச் செல்லைப் பாருங்கள்: சீரத்திலிருந்து டூ-ஐக்கு மாற்றிய மறுவாரமே சோதனையைத் தொடங்கியிருக்கிறீர்களா? அப்போது டிஷ்ஷில் பல கட்டத்துச் செல்கள் கலந்திருக்கும், சில பாசேஜ் பொறுத்திருக்க வேண்டும்.

எதிர்ப்பக்கம், 24 மணி நேரத்துக்குள் பாதிச் செல் செத்து மிதந்தால் மிகவும் குறைவாகப் போட்டிருக்கிறீர்கள் அல்லது பி27 லாட் கெட்டிருக்கிறது. அடுத்த முறை ஒரே தட்டில் சதுர சென்டிமீட்டருக்கு 5,000, 10,000, 15,000, 20,000 என்று நான்கு அடர்த்தியில் போட்டு, உங்கள் லைனுக்கு எது பொருந்துகிறது என்று பார்த்து, அந்த எண்ணைக் குப்பியின் லேபிளிலேயே எழுதி வையுங்கள். அடுத்து அந்தக் குப்பியை உருக்கப்போகிறவர் நீங்களாக இல்லாமலும் போகலாம்.